கால்வாயா, ஆழ்துளைக் கிணறா, சொட்டுநீரா? மேலூர் வட்டாரத்துக்கான ஓர் அலசல்

எந்தப் பாசனம் நல்லது என்று மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்தில் கேட்டால், "தண்ணி வந்தா கால்வாய்தான்" என்பார்கள். சிக்கலே அந்த 'வந்தா'வில்தான் இருக்கிறது.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பப்பட்டதால், பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோகமாகவும், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம், திருமங்கலம் கால்வாய்ப் பகுதியையும் சேர்த்து, சுமார் ஒரு லட்சத்து 5 ஆயிரம் ஏக்கர் ஒருபோகமாகவும் பாசனம் பெறுகின்றன. இந்த நீருக்கு மோட்டார் வேண்டாம். வழியில் கண்மாய்களை நிரப்பிச் சுற்றியுள்ள கிணறுகளையும் ஊறவைக்கிறது. ஆனால் திறப்பு 120 நாள்தான், அதிலும் பிற்பகுதி முறைவைத்து, விட்டுவிட்டுத்தான் வரும். தலைமடைக்காரர் நாற்றுப் பறிக்கும்போது கடைமடைக்காரர் நாற்றங்காலே பாவியிருக்க மாட்டார். கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் மடை அடைபட்டால் அவருக்குப் பதர்தான் மிஞ்சும்.

ஆழ்துளைக் கிணறு இந்தக் காத்திருப்பைப் போக்குகிறது. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் நம் மண்ணுக்கு அடியில் கடும்பாறை. வெடிப்பில்தான் நீர் நிற்கும். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் நீர் பீறிட, அந்தப் பக்கம் போட்ட குழியில் வெறும் பாறைத்தூள் புகையாய்க் கிளம்புவதை நானே பார்த்திருக்கிறேன். ஆழம் போகப்போகச் சில இடங்களில் உப்பும் கூடுகிறது.

அந்த உப்பு சொட்டுநீர்க் குழாயையும் விடுவதில்லை: நீர் சொட்டும் சிறு துளையான சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும், அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். (அணில் கடிப்பது தனிக் கதை.) மல்லிகை, காய்கறி, தென்னை வைத்திருப்பவருக்கு இதைவிடச் சிக்கனமான முறை இல்லை, சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் உண்டு. நஞ்சையில் நெல் நடுபவருக்கு இது அவ்வளவாக உதவாது.

மூன்றையும் தனித்தனியாக எடைபோடுவதே தவறு என்பது என் கருத்து. கண்மாய் பெருகிய ஆண்டில்தான் ஆழ்துளைக் கிணறு தாக்குப்பிடிக்கிறது. சொட்டுநீர்க் குழாயில் ஓடுவதும் அதே நீர்தான். ஆனாலும் எங்கள் ஊரில் சொந்த மோட்டார் வந்த வீட்டிலிருந்து கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்ட ஆள் வருவது நின்றுபோனது. இன்று அந்தக் காலில் சீமைக்கருவேலம் ஆளுயரம் நிற்கிறது. இரண்டாவது குழி போட நினைப்பவர், அந்தச் செலவில் ஒரு பங்கை முதலில் அதை வெட்டியெறியக் கொடுக்கலாம்.