யாங்கோனில் பிள்ளைக்குப் பல்கம்பி போடப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் படியுங்கள்

என் மகளுக்கு 11 வயது இருக்கும்போது கவனித்தோம். வாயை மூடினால் கீழ்த்தாடை இடப்பக்கம் நழுவும். இடது கடைவாயில் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்காரும். மேல்பல்தான் வெளியே கவிந்து நிற்க வேண்டுமாம்.

ஊருக்குள் இருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம். சிரிக்கச் சொல்லி இரண்டு போட்டோ எடுத்தார்கள். எக்ஸ்ரே கிடையாது, பல் அச்சு கிடையாது. "18 மாதத்தில் முடிந்துவிடும், தாடை வலி, தலைவலி எல்லாம் அதோடு போய்விடும்" என்றார்கள். நம்பி 15 லட்சம் கியாட்டைத் தவணையில் கட்டினோம்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. முன்பற்கள் வரிசையாகத்தான் இருக்கின்றன. கடைவாயை அவர்கள் தொடவேயில்லை. மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸில் போடும் மொறுமொறுப்பான பருப்பு வடையைப் பிள்ளை நாக்கால் வலப்பக்கம் தள்ளித் தள்ளி மெல்லுவாள், பாதியில் "தாடை அசந்துபோச்சும்மா" என்று வைத்துவிடுவாள். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்'கென்று கேட்கும். கேட்கப் போனால், வளர வளரச் சரியாகும் என்று சொல்லிக் கடைசித் தவணையைக் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு திங்கன்ஜூனில் இருக்கும் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே சயாமா (பெண் மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) முதலில் பல்லையே பார்க்கவில்லை. இரண்டு காதுக்கு முன்னாலும் விரலை வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லி, மோவாய் போகும் வழியைப் பார்த்தார். எக்ஸ்ரே, அச்சு எல்லாம் அதற்கப்புறம்தான். மேல்தாடை குறுகல், பல்லோடு பல் சேர இடம் தேடித்தான் தாடை ஒதுங்குகிறது, வளரும் வயதில் அப்படியே விட்டால் முகமே ஒருபக்கமாக வளரக்கூடும் என்றார். "கம்பியால்தான் தாடை மூட்டு கெட்டது என்று சொல்ல மாட்டேன். கம்பி போட்டால் மூட்டு வலி தீரும் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலியில்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் வைத்தியமே தேவைப்படாது" என்றார். அந்தப் பேச்சுக்காகவே அவரை நம்பினேன்.

உங்கள் பிள்ளை கடிக்கும் விதத்தைப் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் கம்பியைக் கையில் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மேல் அண்ணத்தின் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் பொருத்து இறுகிவிட்டால், பெரியவர்களான பின் தாடையை அகலப்படுத்தப் பலருக்கு அறுவை தேவைப்படும்.

மகளுக்கு இப்போது 13. மேல்தாடையை அகலப்படுத்த அண்ணத்தில் திருகு வைத்த கருவி போட்டிருக்கிறார்கள். சயாமா சொன்ன நாட்களில் நான்தான் சாவி போட்டுத் திருப்புகிறேன், ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர்.