ராபின் ஹூட்டா, நிபெலுங்கனா?

வாளும் கோட்டையுமாக ஒரு பேசாப்படம் பார்க்க நினைத்தால் இந்த இரண்டில்தான் குழப்பம்: டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நடித்த அமெரிக்காவின் ‘ராபின் ஹூட்’ (1922), ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மனியின் ‘நிபெலுங்கன்’ (1924).

நேரம்: முன்னது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பின்னது இரண்டு பாகம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம்!

அரசன்: முன்னதில் வாலஸ் பீரி நடித்த மன்னன் ரிச்சர்ட் வாய்விட்டுச் சிரிக்கும் சிங்கம். பின்னதின் அரசன் குந்தரோ கோழை, வீரன் ஜீக்ஃபிரீட் மறைந்திருந்து உதவித்தான் அரசி புரூன்ஹில்டை வெல்கிறான்.

சாகசம்: ஃபேர்பேங்ஸ் பிரம்மாண்டத் திரைச்சீலையில் வழுக்கி இறங்குவார், உள்ளே சறுக்குப் பலகையை ஒளித்து வைத்திருந்தார்கள். ஆனால் பாதிப் படம் ஓடிய பிறகே அவர் ராபின் ஆகிறார், அதுவரை பொறுமை வேண்டும். லாங்கின் படத்தில் டிராகன் இருக்கிறது. உள்ளே ஆட்கள் புகுந்து இயக்கியது.

பிள்ளைகளோடு என்றால் ராபின் ஹூட். தனியாக, இரண்டு இரவு ஒதுக்க முடியும் என்றால் சரி, நிபெலுங்கன்.