என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: எட்டாம் வகுப்பு ஆசிரியரின் மதிப்பீடு

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு கற்பிக்கும் நான், ஒன்பது ஆண்டுகளாகத் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் (என்.எம்.எம்.எஸ்.) தேர்வுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பி வருகிறேன். ஏழைப் பிள்ளைகளின் திறனைக் கண்டறிந்து அதற்கெனப் பொதுப்பணத்தைச் செலவிடும் திட்டங்களுள் என் வகுப்பறை வரை வந்து சேர்ந்தது இது ஒன்றுதான் என்பதால், இதன் நிறைகளையும் குறைகளையும் பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் பயன்படும்படி எழுதிவைக்க விரும்புகிறேன்.

2008-இல் தொடங்கிய இத்திட்டத்தில் நாடு முழுவதும் ஆண்டுதோறும் 1,00,000 மாணவர்களுக்குப் புதிதாக உதவித்தொகை ஒதுக்கப்படுகிறது. அதில் தமிழ்நாட்டுக்கு உரியவை 6,695 இடங்கள். தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும். மாதம் 500 ரூபாயாக இருந்த தொகை 2017 ஏப்ரலில் 1,000 ஆனது. அதன் பிறகு உயரவில்லை. ஆயினும் அதைச் சிறிய தொகை என்று நான் சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மகளை நூற்பாலைக்கு அனுப்ப எண்ணியிருந்த ஒரு தந்தை, இன்னும் இரண்டு ஆண்டுகள் அவள் பெயருக்குப் பணம் வரும் என்று அறிந்து அந்த முடிவைத் தள்ளிப்போட்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தேர்வின் அமைப்பு நேர்மையானது. காலையில் மனத்திறன் தேர்வும், அரை மணி நேர இடைவேளைக்குப் பிறகு படிப்பறிவுத் தேர்வும் நடைபெறுகின்றன. ஒவ்வொன்றிலும் 90 வினாக்கள், 90 நிமிடங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. வினாத்தாள் தமிழிலும் இருப்பதால் தமிழ்வழிப் பிள்ளைக்குத் தடையேதும் இல்லை. இரண்டு தாள்களையும் சேர்த்து 40 சதவீதமும், பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் 32 சதவீதமும் எடுத்தால் தகுதி பெறலாம் என்றாலும், இடங்கள் குறைவாக இருப்பதால் அந்த அளவோடு நின்றவர்களுக்கு வாய்ப்புக் கிடைப்பது அரிது.

என் முதல் குறை, தேர்வு மண்டபத்துக்குள் நுழைவதற்கு முன்பே நடந்துவிடும் வடிகட்டலைப் பற்றியது. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் (பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50), பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாமை ஆகியவை விதிப்படியான தகுதிகள். விதியில் எழுதப்படாத தகுதி ஒன்றும் உண்டு: ஆசிரியரின் கண்ணில் அந்தப் பிள்ளை பட்டிருக்க வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி, 50 ரூபாய்க் கட்டணத்துடன் தலைமையாசிரியரிடம் சேர்த்தால்தான் நுழைவுச்சீட்டு வரும். ஆகவே யார் எழுதப்போகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் நாங்களே தீர்மானிக்கிறோம். ஒரு முறை நான் தயாரித்த பட்டியலில், எப்போதும் கடைசி வரிசையில் அமரும், கேட்டாலன்றி வாய் திறக்காத ஒரு மாணவனின் பெயர் இல்லை. பயிற்சி வகுப்பில் கனசதுரத்தின் விரிப்பைப் பற்றிய வினாவில் மற்றவர்கள் தடுமாறியபோது, சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன், எந்த முகத்துக்கு எதிரே எந்த முகம் வரும் என்பதைக் காகிதத்தை மடித்துக்கூடப் பார்க்காமல் சொன்னான். விண்ணப்பிக்கும் கடைசி நாள் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. மதிப்பெண்ணையும் கையெழுத்தையும் அடக்கத்தையும் திறன் என்று எண்ணிப் பழகிய என் கண்கள் அவனைத் தவறவிட்டன. அதற்கான இழப்பு அவனுடையது.

இது எங்கள் பள்ளிக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள பிரோவர்டு பள்ளி மாவட்டம், ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டுமே சோதிப்பதைக் கைவிட்டு, 2005-இல் இரண்டாம் வகுப்பில் அனைவருக்கும் முதற்கட்டச் சோதனை நடத்தத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களிலிருந்தும், கறுப்பின, ஹிஸ்பானிய குடும்பங்களிலிருந்தும் சிறப்புத் திறனுடையோராகக் கண்டறியப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. பின்னர் நிதி நெருக்கடியில் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டதும் அந்த முன்னேற்றமும் கைநழுவியது. தகுதியுள்ள எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும், கட்டணமோ தனி விண்ணப்பமோ இன்றி, தங்கள் பள்ளியிலேயே ஒரு வேலைநாளில் முதற்கட்டத் தேர்வு எழுத வழிசெய்தால் சன்னலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் குறைவார்கள் என்பதே என் முதன்மையான கோரிக்கை.

மனத்திறன் பகுதியில் வரும் எண் தொடர், கண்ணாடி பிம்பம், குறியீட்டு மாற்றம், இரத்த உறவு போன்ற வினா வகைகளுக்குப் பாடநூலில் முறையான பயிற்சி இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கும் ஆசிரியர் வாய்த்த பள்ளியில் ஐந்தாறு பேர் தேர்ச்சி பெறுவதும், அடுத்த ஊர்ப் பள்ளியில் ஒருவரும் பெறாமல் போவதும் பிள்ளைகளின் திறனில் உள்ள வேறுபாட்டால் அன்று. கடையில் விற்கும் வழிகாட்டி நூலை வாங்கும் வசதிகூட இங்கே ஒரு வேறுபாடாகிவிடுகிறது.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி மாணவர்களுக்கே இத்திட்டம் உரியது. தனியார் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கும், உணவும் தங்குமிடமும் அரசே வழங்கும் உறைவிடப் பள்ளிப் பிள்ளைக்கும் இடமில்லை. முதல் விலக்கை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இரண்டாவதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனெனில் பிள்ளைக்கு விடுதியில் சோறு கிடைப்பதால் வீட்டின் வறுமை தீர்ந்துவிடுவதில்லை.

தேர்ச்சிக்குப் பிந்தைய நடைமுறையே இத்திட்டத்தின் பலவீனமான பகுதி. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மாணவர் பதிவு செய்ய, பள்ளி அளவிலும் மாவட்ட அளவிலும் சரிபார்ப்பு நடக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளிகளில் எட்டாம் வகுப்போடு பிள்ளைகள் வெளியேறிவிடுவதால், தேர்வுக்குத் தயார் செய்த ஆசிரியர் ஒரு பள்ளியிலும், பதிவைச் சரிபார்க்க வேண்டியவர் வேறொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். என் மாணவி ஒருத்தியின் ஆதார் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் அவள் பெயருக்குப் பின்னால் இருந்தது. பள்ளிச் சான்றிலோ தலைப்பெழுத்து மட்டும் முன்னால் இருந்தது. அதைத் திருத்தி முடிப்பதற்குள் அந்த ஆண்டின் பதிவுக் காலம் முடிந்துவிட்டது. "பாஸ் பண்ணினவங்க பட்டியல்ல அவ பேரு இருக்குல்ல டீச்சர், அப்புறம் ஏன் பணம் வரல?" என்று அவள் தாய் கேட்டார். செங்கல் சூளையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அவருக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை.

பணத்தோடு கற்பித்தலும் சேர்ந்து வரவேண்டும் என்பது என் மற்றொரு எதிர்பார்ப்பு. பதினொன்றாம் வகுப்பிலும் உதவித்தொகை தொடரப் பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55) எடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் திட்டம், அந்தப் பிள்ளையின் திறனுக்கு ஏற்ற கூடுதல் வகுப்பையோ நூல்களையோ வழிகாட்டியையோ தரவில்லை. வருமான வரம்பின்றிப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு நடத்தப்பட்டுவந்த, 1963-இல் வேர்கொண்ட தேசியத் திறனாய்வுத் தேர்வு 2021 மார்ச்சுக்குப் பிறகு நீட்டிக்கப்படாத நிலையில், இத்திட்டத்தின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது. மாநில அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்விலோ ஆண்டுக்கே 1,000 ரூபாய்தான் கிடைக்கிறது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும், தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளையும் இத்தேர்வை எழுத வேண்டும் என்றே வற்புறுத்துவேன். பெற்றோர்கள் பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் புதிய பள்ளியில் சேர்க்கும் அன்றே, தேர்ச்சிப் பட்டியலின் நகலைத் தலைமையாசிரியரின் கையில் கொடுத்து, உதவித்தொகைப் பதிவைக் கவனிக்கும் ஆசிரியர் யார் என்று கேட்டு, அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.