வறண்ட தலைத்தோலுக்கு நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தலை அரித்தால் வீட்டில் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான்: சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பது. நாற்பது வயதைத் தாண்டியபின் என் தலைத்தோல் இறுகி, வகிட்டோரத்தில் மாவு போல வெண்செதில் உதிரத் தொடங்கியபோது நானும் அதையே ஆறு மாதம் தவறாமல் செய்தேன், அரிப்பு குறையவில்லை. பிறகு தேங்காய் எண்ணெய்க்கு மாறி, இரண்டு ஆண்டுகளாக அதிலேயே இருக்கிறேன்.

எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும் முன், உதிர்வது என்ன என்பதைப் பார்த்துவிட வேண்டும். வறட்சியால் உதிர்வது சிறிதாகவும் காய்ந்தும் இருக்கும். பொடுகு சற்றுப் பெரிதாக, மஞ்சள் சாயலுடன் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொடுகுக்குக் காரணமாகும் மலசீசியா என்னும் பூஞ்சை தலையிலுள்ள கொழுப்பை உண்டு வாழ்வதால், பொடுகுள்ளவர்களுக்கு எந்த எண்ணெயும் நிலைமையை மோசமாக்கக்கூடும். அவர்களுக்குப் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் என்னும் மருந்து கலந்த ஷாம்பு உதவும். அதிலும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுவதே சரி. இனி நான் எழுதுவது வறட்சி உள்ளவர்களுக்கு மட்டுமே.

எள் நம் வயல்களிலேயே கோடையில் விளைகிறது. தேங்காய் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளிலிருந்து வருகிறது. இரண்டு எண்ணெயும் மரச்செக்கில் ஆட்டிக் கிடைப்பதால் தூய்மையைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் நீட்ட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் என்பதும், அது முடியின் உள்ளே ஊடுருவி, அலசும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்பதும் முடிக்கு நல்ல செய்தி. ஆனால் தோலைப் பொறுத்தவரை என் முடிவைத் தீர்மானித்தது அதுவன்று.

தீர்மானித்தது, தேய்த்த எண்ணெயை எப்படி நீக்குகிறோம் என்பது. எண்ணெய் தலைக்கு ஈரத்தைத் தருவதில்லை. தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் மூடிக் காப்பதே அதன் வேலை. தோல் தானே சுரக்கும் கொழுப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிசுக்கை நீக்கும் பொருள்களான, சீயக்காயிலுள்ள சபோனினுக்கும் ஷாம்புவிலுள்ள சல்பேட்டுக்கும் நாம் தேய்த்த எண்ணெய் எது, தோல் சுரந்த எண்ணெய் எது என்ற வேறுபாடு தெரியாது. இரண்டையும் சேர்த்தே கழுவிக்கொண்டு போய்விடும். வழக்கப்படி உச்சி முதல் பிடரி வரை நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்துவிட்டால், இரண்டு முறை சீயக்காயைக் கெட்டியாகக் கரைத்துப் போட்டு, வெந்நீர் ஊற்றி அழுந்தத் தேய்த்தால்தான் பிசுக்கு விடும். சனிக்கிழமை குளித்த தலை ஞாயிறன்று சுகமாக இருக்கும், திங்கட்கிழமை இறுகத் தொடங்கும், புதன்கிழமை மறுபடி உதிரும். எண்ணெய் கொடுத்ததைச் சீயக்காய் வட்டியோடு வாங்கிக்கொண்டு போயிற்று என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இப்போது வாரம் இருமுறை, தலையை இலேசாக நனைத்துத் துவட்டி, அந்த ஈரம் இருக்கும்போதே இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை விரல்நுனியால் வகிடு வகிடாகத் தோலில் மட்டும் தடவுகிறேன். ஒரு மணி நேரம் கழித்து, வடிகஞ்சியில் நீர்க்கக் கரைத்த பயத்தம்மாவை ஒரே முறை போட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசினால் போதுமானதாக இருக்கிறது. சிறிது எண்ணெய்ப்பசை எஞ்சினாலும் அதை நான் குறையாகக் கருதுவதில்லை.

நல்லெண்ணெயையும் இதே போலச் சிறிதளவு தேய்த்திருந்தால் என்ன என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. நான்கு வாரம் அப்படியும் செய்து பார்த்தேன். உதிர்வது குறைந்தது உண்மை. ஆனால் பயத்தம்மாவுக்கு அது முழுவதும் விடவில்லை, தலையணை உறையில் கறை படிந்தது, மீண்டும் சீயக்காய்க்கே போக வேண்டியதாயிற்று. ஆகவே எனக்குக் கிடைத்த பலனில் ஒரு பகுதி எண்ணெயின் அளவைக் குறைத்ததால் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பகுதியில் தண்ணீரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆழ்குழாய் நீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பதால், அதில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் தோலில் படியும். பலர் அதையே செதில் என்று நினைத்து மேலும் தேய்க்கிறார்கள். கடைசியாக அலசுவதற்கென்று ஒரு குடம் கூட்டுக்குடிநீரை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

சோற்றுக்கற்றாழையை ஒரு சித்திரையில் சில வாரங்களே பயன்படுத்தினேன்; குளிர்ச்சியாக இருந்தது, ஆனால் காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடித்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. நீண்டு அடர்ந்த கூந்தலுக்கு இரண்டு தேக்கரண்டி போதுமா என்பதையும் என் முடியை வைத்துச் சொல்ல இயலாது. என் மனைவி இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெய்தான் தேய்த்துக்கொள்கிறாள். அவளுடைய தலைத்தோலில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை அதிகம், சீயக்காய் அவளை வாட்டுவதில்லை.

தேங்காய் எண்ணெயில் நான் கண்ட ஒரே சங்கடம் மார்கழி விடியலில் அது உறைந்துவிடுவது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். அடுப்பில் வைக்காமல், சீசாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும்.