பித்தநாள ஆர்கனாய்டு: பித்தப்பைத் திசுவா, ஐபிஎஸ் செல்லா?

ஆர்கனாய்டு என்பது உறுப்பின் செல்களை லேபில் வளர்த்து உருவாக்கும் குட்டி மாதிரி. நோயை ஆராய, பித்தநீரைக் கொண்டுபோகும் பித்தநாளத்துக்கு அப்படி ஒன்றை வளர்க்க இரண்டு வழி உண்டு. ஆபரேஷனில் எடுத்த திசுவிலிருந்து செல்களைப் பிரித்து வளர்ப்பது ஒன்று. தோல் அல்லது ரத்தச் செல்லை, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஐபிஎஸ் ஸ்டெம் செல்லாக்கி, அதைப் பித்தநாளச் செல்லாக மாற்றுவது இன்னொன்று. மதுரையில் எங்கள் லேபில் பித்தப்பைத் திசுவைத்தான் எடுத்துக்கொண்டோம். அதற்காக வாதாடியவன் நான். அதனால் சார்பு இருக்கத்தான் செய்யும்.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இரண்டுக்கும் வேண்டும். மீடியம், அதாவது செல் வளரும் சத்துத் திரவம், இரண்டிலும் விலைதான்.

தீர்மானித்தது பராமரிப்பு. ஐபிஎஸ் செல்லுக்கு வழக்கமாகத் தினமும் மீடியம் மாற்ற வேண்டும். கவனம் தவறினால் ஓரத்துச் செல்கள் தாமாகவே வேறு வகையாக மாற ஆரம்பிக்கும். அப்புறம் பித்தநாளச் செல்லாக்க, படிப்படியாக, சுமார் நான்கு வாரம். நடுவில் ஒரு படி சொதப்பினால் முதலிலிருந்து. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையம் கூட்டத்தைத் தாண்டி மீடியம் மாற்ற யார் போவது? திசு ஆர்கனாய்டுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மிச்சத்தைத் திரவ நைட்ரஜனில் போட்டுவிட்டால் வேண்டும்போது எடுத்து வளர்க்கலாம்.

மேட்ரிஜெல் தொல்லை இரண்டு பக்கமும் உண்டு. ஆர்கனாய்டைப் பதித்து வளர்க்க, எலிக் கட்டியிலிருந்து எடுக்கும் இந்த ஜெல் 10 டிகிரி தாண்டினாலே இறுகத் தொடங்கும். சித்திரை வெயிலில் குழாயை ஐஸில் புதைத்து, பைப்பட் டிப்பையும் ஃப்ரீசரில் குளிரவைத்துத்தான் வேலை. கொஞ்சம் அசந்தால் டிப்புக்குள்ளேயே கட்டிவிடும்.

நன்றாக வந்த ஆர்கனாய்டு மைக்ராஸ்கோப்பில் சோப்புக் குமிழி போல இருக்கும். ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்தைச் சேர்த்தால், செல் சுவரில் சிஎஃப்டிஆர் என்ற உப்பு அயனி வாயில் திறந்து, உள்ளே நீர் இறங்கி ஆர்கனாய்டு வீங்கும். வீங்கினால் செல் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிறவி நோயென்றால் ஐபிஎஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. குழந்தையிடம் ரத்தம் எடுப்பது எளிது, கல்லீரல் திசு எடுப்பது அப்படியா? 2015-இல் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அலகில் சிண்ட்ரோம், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் போன்ற, பித்தநாளத்தைப் பாதிக்கும் மரபணு நோய்களை இந்த வழியில் டிஷ்ஷில் காட்டியது. ஆனால் இப்படிக் கிடைக்கும் செல் பெரும்பாலும் முழுதாக முதிராத, கரு நிலைக்கு நெருக்கமான செல்.

பித்தப்பைச் செல் கல்லீரலுக்குள் இருக்கும் நாளத்துக்கு ஒத்துவருமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 2021-இல் அதே கேம்பிரிட்ஜில், மாற்று அறுவைக்கு ஏற்கப்படாத மனிதக் கல்லீரல்களை உடலுக்கு வெளியே ரத்தம் ஓட்டி உயிரோடு வைத்து, பித்தப்பை ஆர்கனாய்டை நாளத்துக்குள் செலுத்தினார்கள். செல்கள் போய் ஒட்டி, அந்த இடத்துக்கேற்ற குணத்தையும் எடுத்துக்கொண்டன. இது நான் படித்தது. சிகிச்சைப் பக்கம் நான் கை வைத்ததில்லை, நோய் ஆய்வைப் பற்றித்தான் உறுதியாகப் பேச முடியும்.

திசு வழியிலும் சிக்கல் உண்டு. பித்தக்கல்லால் புண்பட்ட பித்தப்பையில் நல்ல செல் குறைவு, கிருமியும் கூட வரும். பித்தநாளம் சுருங்கும் பிஎஸ்சி நோயாளிகளிடம் ஈஆர்சிபி (வாய்வழியே குழாய் விட்டுப் பித்தநாளத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோபி) செய்யும்போது கிடைக்கும் பித்தநீரிலிருந்தே ஆர்கனாய்டு வளர்த்திருக்கிறார்கள். அடுத்து நாங்கள் முயலப்போவது அதைத்தான்.