போயா பிஒய்-எம்1 காலர் மைக்: சபைக்கு வீடியோ எடுப்பவர்களுக்காக

போயா பிஒய்-எம்1 சட்டையில் மாட்டிக்கொள்ளும் வயர் மைக். ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். யூடியூபில் பேசும் பல பேர் இதில்தான் ஆரம்பித்தார்கள், அதனால் புதிதாக அறிமுகப்படுத்த ஒன்றுமில்லை. சபை ஊழியத்துக்கு இது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கம், தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரத்தில். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பதோடு சபைக்கு வீடியோ எடுக்கும் வேலையும் என் தலையில்தான். பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. என் போன், ஒரு டிரைபாட், இந்த மைக், அவ்வளவுதான். ஐயா (எங்கள் சபைப் போதகர்) கொடுக்கும் இரண்டு நிமிடச் செய்தி, சபையாகச் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அழைப்பு, வி.பி.எஸ் என்கிற பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பாட்டு, சபையார் யாராவது சொல்லும் சாட்சி, ஊருக்கே பொதுவான கண் சிகிச்சை முகாம் அறிவிப்பு என்று எதையாவது எடுத்துக்கொண்டே இருப்போம். மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள், படுக்கையில் இருக்கிற பெரியவர்கள், ஆலயத்துக்குள் வந்தே இராத பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அது வாட்ஸ்அப்பில் போய்ச் சேருகிறது.

இந்த மாதிரி வீடியோவில் படம் கொஞ்சம் மங்கினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் அடுத்த நொடியே தள்ளிவிடுவார்கள். எங்கள் ஆலயம் பழைய கட்டடம், உயரமான கூரை. ஆறடி தள்ளி வைத்த போனில் ஐயாவின் குரலும் சுவரில் மோதித் திரும்பும் குரலும் ஒன்றாகவே விழும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால் குரல்தான் முன்னால் நிற்கும், எதிரொலி பின்னால் போய்விடும். மைக் என்ன விலை என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இந்தச் சின்ன மைக் அதைச் சரியாகச் செய்கிறது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம். ஐயாவின் அங்கியில் மார்புக்கு நடுவே மாட்டலாம், ஆனால் மேலே போடும் பட்டை உரசினால் சரசரவென்று கேட்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் பேசினால் சேலை முந்தானையின் மடிப்பில், தாலிச் சங்கிலி தட்டாத பக்கமாகக் குத்த வேண்டும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை என்றால் அதுவே தனிச் சத்தம்.

பனையேறும் மாமா ஒருவரின் சாட்சியை, பதநீர் காய்ச்சும் அவர் குடிசையான விடிலிக்கே போய் எடுத்தோம். மாமா சட்டை போடுகிற ஆள் இல்லை. தோளில் கிடந்த துண்டை இரண்டாக மடித்து, காறையெலும்புக்குக் கீழே வருகிற மாதிரி இழுத்துவிட்டு அதில் கிளிப்பை மாட்டினேன். "எம்மா, இதுக்குள்ளயா பேசணும்?" என்று குனிந்து குனிந்து மைக்கையே பார்த்தார். "மாமா, நீங்க என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க, அதை மறந்துருங்க" என்றேன். மெதுவான குரல் அவருக்கு. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை. அடியில் பதநீர் கொதிக்கிற சத்தமும் லேசாக விழுந்திருந்தது. எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்குகிற மைக் இது, அதனால் அப்படித்தான் விழும். அந்த வீடியோவில் எனக்கு அது பிடித்தே இருந்தது. எங்கள் சபையைச் சேராதவர்கள்தான் அதை அதிகம் பகிர்ந்தார்கள், மாமாவை எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

அதே குணம் வேறு இடங்களில் தொல்லை. வீட்டுக்குள் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். ஆனி, ஆடியில் வெளியே எடுப்பது இன்னும் கஷ்டம். தேரிக்காற்று அடிக்கிற அடிக்கு, மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு உறை ஒரு பொருட்டே இல்லை. முடி வைத்த உறை தனியாக விற்கிறார்கள். இல்லையென்றால் ஆலயத்தின் கிழக்குச் சுவர் மறைவில் நின்று எடுக்க வேண்டியதுதான்.

வயர் 6 மீட்டர் நீளம். முழு உருவம் தெரிய எடுக்க இது வசதி, சுருட்டி வைக்க வதை. மேடையில் அங்குமிங்கும் நடந்து பிரசங்கம் செய்பவர்களுக்கு இது சரிப்படாது. முழு ஆராதனையைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஆலயத்து மிக்ஸரிலிருந்தே ஒலியை எடுப்பதுதான் முறை.

வயர் நடுவில் ஒரு குட்டிப் பெட்டியும் அதில் ஒரு சுவிட்சும் இருக்கும். போனுக்கு என்றால் ஸ்மார்ட்போன் பக்கம், கேமராவுக்கு என்றால் கேமரா பக்கம். உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரி கேமராவுக்குத்தான் வேலை செய்யும், போனுக்குத் தேவையில்லை. சில போன்களின் சொந்த கேமரா ஆப் வெளி மைக்கைக் கண்டுகொள்ளாது. ஓபன் கேமரா என்ற இலவச ஆப்பின் அமைப்புகளில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. மைக் செருகியிருக்கும்போது ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் முதலில் பத்து வினாடி பேசவிட்டு, கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முழுதாக எடுங்கள்.

பாட்டுக்கும் இது உதவுகிறது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் காலமானது 1864இல். அவர் கீர்த்தனை வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் ஒரு நிறுவனம் பதிவு செய்து வெளியிட்ட பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டால் யூடியூபில் காப்பிரைட் கோரிக்கை வரும். நாங்கள் பாடகர் குழுப் பிள்ளைகள் நாலைந்து பேரை வட்டமாக நிறுத்தி, நடுவில் மைக்கைத் தொங்கவிட்டு, சுருதிப்பெட்டியோடு பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்கிறோம். ஜால்ராத் தாளம் போட்டால் மட்டும் காது கிழியும், கைத்தட்டலோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வயர் இல்லாத மைக்குகள் இப்போது இதே விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றனவே என்று வாலிபர் சங்கத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். அப்படி ஒன்றைக் கடன் வாங்கி எடுத்துப் பார்த்தோம். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அது ஐயாவின் குரலையும் சேர்த்துக் குறைத்ததில், குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. சார்ஜ் வேறு போட வேண்டும். நடந்துகொண்டே பேசுகிற ஆள் என்றால் நல்ல வயர்லெஸ் மைக்குக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம். உட்கார்ந்து பேசுகிறவருக்கு வயர்தான் என் ஓட்டு. இரண்டு பேர் பேட்டி என்றால் ஒரே வயரில் இரண்டு மைக் உள்ள பிஒய்-எம்1டிஎம் என்று ஒன்று இருக்கிறது.

போலிகள் நிறைய உலவுகின்றன. டவுனில் ஒரு கடைக்காரர் இதே பெயர் போட்ட டப்பாவை முந்நூறு ரூபாய்க்கு நீட்டினார். வயர் மெலிசு, டப்பாவில் எழுத்து கலங்கியிருந்தது. வேண்டாமென்று வந்துவிட்டேன். இன்னொன்று, இதன் முனை பழைய 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் முனை. இப்போதைய பல போன்களில் அந்தத் துளையே கிடையாது. டைப்-சி கன்வெர்ட்டர் போட வேண்டும், அதிலும் உள்ளே சிப் இல்லாதது பல போன்களில் வேலை செய்யாது. போனைக் கடைக்கே கொண்டுபோய், கன்வெர்ட்டரையும் மைக்கையும் செருகி, பேசிப் பதிவு செய்து, அங்கேயே கேட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.