ஐந்து வேலைக்கு ஒரே மெஷின்: வைத்துக்கொள்வதா, விற்றுத் தொலைப்பதா?

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒஹாயோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது, 300 டாலர் கொடுத்து ஷாப்ஸ்மித் மார்க் 5 என்ற ஒரு பழைய மரவேலை மெஷின் வாங்கி வந்தேன். சுவர் ஓரமாக மடக்கி வைத்தால் ஒரு சைக்கிள் நிற்கும் இடம்தான், அது உண்மை. ஆனால் வேலை என்று ஆரம்பித்தால் கராஜின் நடுவுக்கு இழுத்து வர வேண்டும், இரண்டு பக்கமும் பலகை போக இடம் விட வேண்டும், வேலை முடியாமல் பாதியில் நின்றால் அப்படியே நடுவில் கிடக்கும். என் வேலை எதுவும் ஒரே வாரத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் பனிக்காலம் முழுக்க ஒரு கார் வெளியில், கண்ணாடியில் ஐஸ் சுரண்டுவது நான். போன மாதம் ஒரு வழியாக விற்பனைக்கு விளம்பரம் போட்டேன். போட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன் என்பது வேறு விஷயம்.

தெரியாதவர்களுக்கு: ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கலிபோர்னியாவில் உருவாக்கிய மெஷின் இது. மார்க் 5 வந்தது 1950களில். ஒரு மோட்டார், இரண்டு நீளக் குழாய்கள், அவற்றின் மேல் நகரும் ஒரு மேசை. இதே சட்டத்தில் டேபிள் சா (மேசை நடுவே சுழலும் வட்ட ரம்பம்), கடைசல், டிரில் பிரஸ் (மேலிருந்து கீழே துளை போடுவது), டிஸ்க் சாண்டர் (சுழலும் வட்டத் தட்டில் உப்புத்தாள் ஒட்டி மரத்தைத் தேய்ப்பது), படுக்கைவாக்கில் துளை போடுவது என்று ஐந்து வேலை. குழாய்களை அப்படியே தூக்கி நிமிர்த்தினால் டிரில் பிரஸ். பார்க்கிறவர்களுக்கு வித்தை காட்ட இதைவிட நல்ல மெஷின் கிடையாது.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன்: டேபிள் சா. சாதாரண டேபிள் சாவில் மேசை அசையாது, பிளேடுதான் ஏறும், இறங்கும், சாயும். இதில் பிளேடு அசையாது, மேசைதான் ஏறி இறங்க வேண்டும், சாய்வாக அறுக்க வேண்டுமானால் மேசையையே சாய்க்க வேண்டும். 45 டிகிரி சாய்ந்த மேசையில் நாலடிப் பலகையை வைத்துத் தள்ளிப் பாருங்கள், அது நம்மைக் கேட்காமல் கீழே வழுக்கப் பார்க்கும். என்னுடையது 500 என்ற பழைய வகை, மேசை சின்னது. பலகையை ஒட்டிப் பிடிக்கும் ஃபென்ஸ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கோணிக்கொண்டுதான் பூட்டும், பிளேடின் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை டேப் வைத்து அளக்காமல் நான் அறுப்பதே இல்லை. பத்து துண்டு அறுக்க வேண்டும் என்றால் அரை மணி நேரம் அளப்பதிலேயே போய்விடும். மோட்டார் குதிரைத்திறன் ஒன்றேகால்கூட இல்லை, காய்ந்த ஓக் இரண்டு அங்குல கனத்தில் வந்தால் முனகும்.

எங்கள் வீட்டுக் கொலுப்படி இந்த மெஷினில்தான் செய்தேன். 4க்கு 8 அடி பிளைவுட்டை இந்தக் குட்டி மேசையில் அறுக்க முயன்ற அந்தச் சனிக்கிழமையைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். மேசை வேறு உயரம், மோட்டார் கீழே இருப்பதால் சாதாரண டேபிள் சாவைவிட நெஞ்சுக்கு நெருங்கி நிற்கும். பெரிய பலகையின் பாரம் தோளில் விழும். கடைசியில் கையில் பிடித்து ஓட்டும் மின் ரம்பத்தையும் ஒரு நேர்ப்பலகையையும் வைத்துத் தரையிலேயே அறுத்து முடித்தேன். இன்னொன்று, அதைவிட முக்கியம்: செகண்ட் ஹாண்டில் வருகிற பல மெஷின்களில் பிளேடு மூடி எப்போதோ காணாமல் போயிருக்கும், எனக்கு வந்ததிலும் அப்படித்தான். இப்போது வருகிற டேபிள் சாக்களில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு பிளேடோடு சேர்ந்தே ஏறி இறங்கும், அறுத்த மரம் திரும்பப் பிளேடைக் கவ்விக்கொண்டு நம் மேல் பாய்வதை அது தடுக்கும். என்னுடையதில் அது கிடையாது. ஒரு தடவை ஒரு துண்டு காதை உரசிக்கொண்டு போய்க் கராஜ் கதவில் பள்ளம் போட்டது.

ஆக, விற்றுவிட்டு ஒரு டிவால்ட் மாதிரி தூக்கிப் போகிற டேபிள் சா வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஃபென்ஸ் பற்சக்கரத்தில் இரு முனையும் சேர்ந்தே நகரும், அளந்த இடத்தில் நேராக நிற்கும். 32 அங்குல அகலம்வரை பலகை கிழிக்கலாம். மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டால் காரும் உள்ளே வரும். அறுப்பு ஒன்றை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் அறுப்பு மட்டும்தானா வேலை? கடைசலில் இந்த மெஷின் வேறு ஆள். 34 அங்குல நீளம்வரை கடையலாம், மேசைக்கால், பம்பரம், பூரிக்கட்டை எல்லாம் கடைந்திருக்கிறேன் (பூரிக்கட்டைக்கு இங்கே தமிழர்கள் மத்தியில் இருக்கும் கிராக்கி ஆச்சரியம், மேப்பிள் மரத்தில் ஏழோ எட்டோ கொடுத்தாயிற்று). குறை என்றால் வேகம் நிமிஷத்துக்கு 700 சுற்றுக்குக் கீழே இறங்காது, பெரிய கிண்ணம் கடைய அது அதிகம், பாரம் ஒரு பக்கம் இருந்தால் மெஷினே நடக்க ஆரம்பிக்கும். நான் கிண்ணம் கடைவதில்லை, எனக்குக் கவலை இல்லை. டிரில் பிரஸாக நிமிர்த்தினால் நாலேகால் அங்குல ஆழம் ஒரே இழுப்பில் போகும், சின்ன மேசை டிரில்கள் பலவற்றில் அது கிடைக்காது. 12 அங்குல டிஸ்க் சாண்டருக்கு ஒரு குறையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, படுக்கைவாக்கில் துளை போடும் வேலை. ஆறடிப் பலகையின் தலைமாட்டில் நேராகத் துளை போட வேண்டும் என்றால் சாதாரண டிரில் பிரஸில் பலகையை எங்கே நிற்க வைப்பது, கூரையைப் பிய்த்தா? இதில் பலகை படுத்திருக்கும், டிரில் பக்கத்திலிருந்து வரும். மரக்குச்சி வைத்து இணைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வேலைக்கே 300 டாலர் தகும்.

விளம்பரத்துக்கு வந்த பேரம் 200, 250. அந்தக் காசில் ஒரு உருப்படியான கடைசல்கூட வராது, கடைசல், டிரில், சாண்டர் மூன்றையும் தனித்தனியாக வாங்கினால் கேட்ட விலையைப்போலப் பல மடங்கு, அப்புறம் மூன்றுக்கும் இடம். இடம் மிச்சம் பிடிக்கத்தானே விற்க நினைத்தேன்?

வேலைக்கு வேலை மாற்றும் அலுப்பைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள். 5/32 அங்குல ஆலன் சாவி ஒன்று போதும், பழகினால் மூன்று நான்கு நிமிஷம். நிமிஷம் பிரச்சினை இல்லை. டேபிள் சாவாக அளவு வைத்து அறுத்து, நடுவில் துளைக்கு மாற்றி, ஐயோ ஒரு துண்டு குறைகிறதே என்று மறுபடி அறுக்கத் திரும்பினால் பழைய அளவு அப்படியே வராது, அங்கேதான் உயிர் போகும். அறுப்பு வேறு மெஷினுக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி தானாகத் தீர்ந்துவிடும்.

மோட்டார் தலையையே, அதாவது மோட்டார் அடங்கிய பெட்டியையே, புதிய மின்னணுத் தலையாக மாற்றுவது என்றொரு வழியும் உண்டு. வேகம் 250 சுற்று வரை இறங்கும். விலையைப் பார்த்தேன், பக்கத்தை மூடிவிட்டேன்.

எனவே விளம்பரத்தை எடுத்தாயிற்று. மெஷின் இருக்கும், டேபிள் சாவாக மட்டும் இருக்காது. பிளேடைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன், தீபாவளிக்குள் ஒரு மடக்கு டேபிள் சா வரும். ஷாப்ஸ்மித் இனி சுவர் ஓரத்தில்தான், கடைசல் ஓட நடுக்கராஜ் தேவையில்லை.

உங்களுக்கும் இதே முடிவா என்றால், அலமாரி, படி, பெட்டி என்று பிளைவுட் வேலை மட்டும் செய்கிறவர் தயங்காமல் விற்றுவிடலாம். விற்கும்போது கூட வந்த சாமான்களைப் பிரிக்காமல் ஒன்றாகக் கொடுங்கள், வாங்க வருகிறவர் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். முக்கியமாக, வேக டயலை அவர் சும்மா திருகிப் பார்க்க விடாதீர்கள். மோட்டார் ஓடும்போது மட்டும்தான் அதைத் திருப்ப வேண்டும், நிற்கும்போது திருகினால் உள்ளே பெல்ட்டும் புல்லியும் இறுகி ஏதாவது உடையும். என்னிடம் பேரம் பேச வந்த முதல் ஆள் கையை நேராக அங்கேதான் கொண்டுபோனார்.